செல் இல்லாத குழி

எங்கள் துறையில் ஓர் உதவிப் பேராசிரியர் இடம் காலியானபோது, விண்ணப்பித்தவர்களின் விவரங்களைக் கல்லூரி அலுவலகம் ஒரே தாளில் தொகுத்துத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. படிப்பு, அனுபவம், நெட் தேர்ச்சி எல்லாம் அதில் இருந்தன. ஆனால் பெயர்களை அடுக்கியிருந்தது மேற்கோள் எண்ணிக்கையின்படி, அதாவது ஒருவருடைய கட்டுரைகளைப் பிற ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியிருக்கின்றன என்ற கணக்கின்படி. அதிகம் உள்ளவர் மேலே, குறைவாக உள்ளவர் கீழே. தட்டச்சு செய்தவர் மேல் குற்றமில்லை, அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருப்பார்கள். முதல் வரியில் இருந்தவருக்கு 1,800க்கும் மேல் மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 22. ஏறக்குறைய அடிவரியில் இருந்த பெண்ணுக்கு மூன்றே கட்டுரைகள், நாற்பது சொச்சம் மேற்கோள்கள். ஆய்வுத் துறை என்ற இடத்தில் இருவருமே ஒன்றைத்தான் எழுதியிருந்தார்கள்: புற்றுநோய் செல்களின் வளர்சிதை மாற்றம், அதாவது அந்தச் செல்கள் உணவை ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாற்றும் விதம். ஒரே பொருளைப் படித்த இரண்டு பேருக்கு நடுவே இத்தனை தொலைவு எப்படி வந்தது என்ற கேள்வி அன்று தொடங்கியது. இன்னும் அது என்னை விடவில்லை.

இந்த எண்களின் செல்வாக்கு எங்கள் சேலத்தில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஐந்து ரோடு பக்கம் ஒரு நடை போய்வந்தால் போதும். கும்பாபிஷேகத்துக்கும் காதணி விழாவுக்கும் வைக்கிற அதே அளவில், 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் இடம்பெற்ற பேராசிரியர்களுக்கு வாழ்த்துப் பேனர். அந்தப் பட்டியல் ஸ்டான்போர்டில் ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தகவல்தளத்தின் தரவுகளைக் கொண்டு தயாரிப்பது. தன்னைத்தானே மேற்கோள் காட்டியதைச் சேர்த்தால் எத்தனையாவது இடம், கழித்தால் எத்தனையாவது இடம் என்று இரண்டையும் தனித்தனியாகவே அதில் கொடுத்திருக்கிறார்கள். நம் பேனரில் அதற்கெல்லாம் இடமேது? சால்வையோடு எடுத்த படத்துக்கே பாதி பேனர் போய்விடுகிறது.

எச்-இண்டெக்ஸின் வரலாறும் சுவையானதுதான். 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற கலிபோர்னிய இயற்பியலர் கொண்டுவந்த அளவுகோல் அது. ஒருவருக்கு 22 என்றால், குறைந்தது 22 மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் 22 அவரிடம் இருக்கின்றன என்று பொருள். பத்தே ஆண்டுகளில் அது சேலத்து நேர்முகத் தேர்வு வரை வந்து சேர்ந்துவிட்டது. இயற்பியல்காரர்கள் கண்டுபிடித்த வேறெதுவும் எங்கள் கல்லூரிக்கு இவ்வளவு விரைவாக வந்ததில்லை.

வார்பர்க்கின் வறண்ட ஆண்டுகள்

புற்றுநோய் வளர்சிதை மாற்றம் என்ற துறையே மேற்கோள் எண்ணிக்கையை நம்பாதே என்று சொல்வதற்காகப் பிறந்தது போல எனக்குத் தோன்றுவதுண்டு. 1920களில் பெர்லினில் ஆட்டோ வார்பர்க் கண்டது இதுதான்: ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்றுத் திசு குளுக்கோஸை முழுவதும் எரிக்காமல் லாக்டிக் அமிலமாகப் புளிக்க வைத்துத் தள்ளுகிறது. ஆத்தூர் பக்கம் சேகோ ஆலைகளைக் கடந்து பஸ்ஸில் போகிறவர்களுக்கு மாவுக் கழிவுநீர் புளிக்கிற வாடை பழக்கம். காற்று பட்டும் அடங்காமல் புளித்துக்கொண்டே இருக்கிற ஒரு தொட்டி என்று இந்தச் செல்லைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்வேன். வார்பர்க்குக்கு நோபல் பரிசு 1931இல் வந்தது, ஆனால் சுவாச நொதிக்காக. புற்றுநோய்க்கு மூலகாரணமே செல்லின் சுவாசம் பழுதாவதுதான் என்று அவர் 1956இல் சயின்ஸ் இதழில் அடித்து எழுதினார். 1970இல் சாகும்வரை அதிலிருந்து அவர் இறங்கி வரவில்லை. கவனித்தது சரி, சொன்ன காரணம் பெரும்பாலும் தவறு. செல்லுக்குள் சுவாசம் நடக்கும் இடமான மைட்டோகாண்டிரியா பல புற்றுகளில் நன்றாகவே வேலை செய்கின்றன.

பிறகு ஆன்கோஜீன்களின், அதாவது புற்றைத் தூண்டும் மரபணுக்களின், காலம் வந்தது. மரபணுதான் எல்லாம், குளுக்கோஸ் பழைய பாடம் என்று ஆனது. 2000இல் ஹனஹனும் வைன்பெர்க்கும் புற்றுநோயின் அடையாளங்கள் என்று ஆறு பண்புகளைப் பட்டியலிட்டபோது அதில் வளர்சிதை மாற்றம் இல்லை. 2011இல் அதே இருவர் பட்டியலைத் திருத்தி எழுதியபோது உள்ளே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில், 2009இல், வேண்டர் ஹைடன், கேன்ட்லி, தாம்சன் மூவரும் சயின்ஸில் எழுதிய ஒரு கட்டுரை பத்தாயிரத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது, புதுச் செல் கட்டுவதற்கான மூலப்பொருளும் வேண்டும், அதனால்தான் இந்த வீண்செலவு என்பது அவர்கள் விளக்கம். அருமையான கட்டுரை, நான் வகுப்பில் அதை வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். ஆனால் அது ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை. புதிய சோதனை ஒன்றும் அதில் கிடையாது. துறையில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று, பிறர் கண்டதைக் கோத்துக் கொடுத்த கட்டுரை. மேற்கோள் என்பது எதைக் கணக்கிடுகிறது என்று இங்கேயே புரிந்துவிடுகிறது. அடுத்து எழுதுகிறவர்களுக்கு எது கைக்கு வசதியாக இருந்தது என்பதை அது சொல்கிறது. யார் எதைக் கண்டார்கள் என்பது வேறு கணக்கு.

இதே துறையில் எதிர்ப்பக்கமும் உண்டு. காற்றிருந்தும் புளிக்க வைக்கிற அந்தப் பண்புக்கு 'வார்பர்க் விளைவு' என்ற பெயரை 1972இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எஃப்ரைம் ராக்கர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெரிய பெயர். 1980 வாக்கில் மார்க் ஸ்பெக்டர் என்ற ஆய்வு மாணவர் அவரிடம் வந்தார். கை வைத்த சோதனையெல்லாம் அவருக்குக் கூடிவந்தது. புற்றுச் செல்லின் ஆற்றல் விரயத்துக்கு முழு விளக்கமும் கிடைத்துவிட்டது போலிருந்தது. 1981இல் இருவரும் சேர்ந்து சயின்ஸில் எழுதினார்கள். அதே பல்கலைக்கழகத்தில் வோல்கர் வோக்ட் என்பவர் ஸ்பெக்டரின் சோதனையில் காட்டப்பட்ட புரதங்களிலிருந்து வரும் கதிர்வீச்சைச் சோதித்தபோது, இருக்க வேண்டிய கதிரியக்கப் பாஸ்பரஸுக்குப் பதிலாக அயோடின் இருந்தது, அதாவது முடிவு போலி. கட்டடம் சரிந்தது. ராக்கர் தன் ஆய்வகத்திலேயே எது மீண்டும் வருகிறது, எது வரவில்லை என்று பார்த்து வெளியே சொன்னார். அந்த ஆண்டு யாராவது ஸ்பெக்டரின் வெளியீட்டுப் பட்டியலை மட்டும் பார்த்து வேலை கொடுத்திருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார்கள்.

நீல நிறம்

எங்கள் இளநிலை மாணவர்கள் ஆண்டுதோறும் செய்யும் பாஸ்பரஸ் அளவீட்டுக்கு ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று பெயர். அம்மோனியம் மாலிப்டேட் ஊற்றி, ஒடுக்கியைச் சேர்த்தால் நீலம் வரும், கலரிமீட்டரில் அளவெடுப்பார்கள். பதிவேட்டில் அந்தப் பெயரை எழுதுகிற பிள்ளைகளிடம் யார் இந்தச் சுப்பாராவ் என்று கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காக ஆசிரியர் ஒருவரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர். பிறகு ஹார்வர்டு போனார். 1925இல் வந்த அந்தக் கட்டுரை உயிர்வேதியியலில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று. ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை.

அவர் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் ஃபோலிக் அமிலத்தையும் பிறகு அதற்கு எதிராக நிற்கும் சேர்மங்களையும் செய்தார்கள். அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைச் சிட்னி ஃபார்பர் பாஸ்டனில் ரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியது. 1948இல் வந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவ் இல்லை. அதே ஆண்டு அவர் இறந்தும்போனார். அமினோப்டெரினின் உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் சீட்டில் எழுதப்படுகிறது. செல்லின் வளர்சிதை மாற்றத்தில் கை வைத்துப் புற்றுநோயைப் பிடித்த முதல் மருந்துகள் இவை. அவருடைய மேற்கோள் கணக்கு மட்டும் வேறு கதை சொல்லும்: எண்ணிக்கை குவிந்தது ஒரு நீலநிற அளவீட்டுக்கு. சேலத்திலும் நாமக்கல்லிலும் பதிவேட்டில் எழுதுகிற பிள்ளைகள் எந்தத் தகவல்தளத்திலும் ஏறுவதில்லை என்பதால் அந்த எண்ணிக்கையும் முழுமையானதல்ல.

நேர்முகம்

இனி அந்த இருவரைப் பற்றி. முதலாமவர் ஓமலூர் வட்டத்துக்காரர், பேருந்து வசதி குறைந்த ஊர். அவருடைய கட்டுரைகளின் தலைப்புகளைப் படித்தால் இந்த மாவட்டத்தில் ஆய்வு செய்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும்: சேர்வராயன் மலையில் ஒரு செடி, அதன் இலையின் மெத்தனால் சாறு, அதிலிருந்து வெள்ளி நானோ துகள், எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களின் மேல், செல்கள் உயிரோடிருக்கின்றனவா என்று பார்க்கும் எம்டிடி சோதனை. இந்த வகைக் கட்டுரைகளைப் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இருந்துகொண்டு கேலி செய்வது எளிது. கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் இல்லை, இருந்தாலும் மின்வெட்டில் செல்கள் செத்துப்போகும். இருப்பது சாறு இறக்க ஒரு சாக்ஸ்லெட், நிறம் அளக்க ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், தலைக்கு மேலே ஏற்காடு மலை முழுக்கச் செடிகள். செல் சோதனையை மட்டும் வெளியூரில் ஒரு தனியார் ஆய்வகத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்புவார்கள். வறுமை தேர்ந்தெடுத்த ஆய்வுத் தலைப்பு அது. இதைச் சொல்லாமல் அவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

1,800இல் ஏறத்தாழ பாதி, தாவரச் சேர்மங்களும் கிளைகாலிசிஸ் என்ற குளுக்கோஸ் சிதைவும் பற்றிப் பலர் சேர்ந்து எழுதிய ஒரு மதிப்பாய்வுக்கு வந்தது. இன்னொன்றையும் அவரே சொன்னார். நம் ஊர்ப் பெயர்களுக்குத் தலைப்பெழுத்துதான்; தகவல்தளமோ குடும்பப் பெயரைத் தேடும். அவருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்தில் அதே பெயரும் தலைப்பெழுத்தும் கொண்ட ஒரு பல் மருத்துவரின் கட்டுரைகள் தாமாகவே வந்து ஏறியிருந்ததாகவும், கண்டுபிடித்து நீக்கியதில் எண்ணிக்கை நூறுக்கு மேல் இறங்கியதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். நீக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாமவர் பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டம் முடித்தவர். அவருடைய முக்கியக் கட்டுரை, அந்த ஆய்வகமே முன்பு வெளியிட்ட ஒரு முடிவைப் பற்றியது. செல் வளர்க்கப் பரவலாகப் பயன்படும் ஊடகத்தில், அதாவது ஊட்டக் கரைசலில், குளுக்கோஸ் 25 மில்லிமோலார், அதாவது டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம். சர்க்கரை 450 என்று சீட்டில் வந்தால் நம் வீடுகளில் என்ன களேபரம் நடக்கும்! இவர் ஊடகத்தில் குளுக்கோஸை ரத்த அளவுக்குக் குறைத்து, சுமார் 5 மில்லிமோலாரில், அதே சோதனையைச் செய்தார். முன்பு பார்த்த விளைவு காணாமல் போனது. குழுவில் இருந்த ஒருவர், "அப்படியானால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதானே பொருள்?" என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை என்பது கிடைத்தது சார்" என்றார். எனக்கு அங்கேயே மனம் முடிவாகிவிட்டது. மற்றவர்களுக்கு ஆகவில்லை.

முதலாமவரிடம் என் முறை வந்தபோது அவருடைய அதிகம் மேற்கோள் பெற்ற சோதனைக் கட்டுரையை எடுத்துக்கொண்டேன். எம்டிடி சோதனையில் மஞ்சள் சாயம் உயிருள்ள செல்லின் வளர்சிதை மாற்றத்தால் ஒடுங்கி ஊதாவாகிறது. 1983இல் மோஸ்மன் எழுதிய முறை, பல்லாயிரம் மேற்கோள்கள் பெற்றது. ஊதா அதிகம் என்றால் செல் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் சாகாமல் வெறுமனே மந்தமான செல்லும் ஊதாவைக் குறைத்துக் காட்டும். அதைவிடப் பெரிய சிக்கல், இலைச் சாற்றில் உள்ள பாலிபீனால்கள் செல்லே இல்லாவிட்டாலும் அந்தச் சாயத்தை ஒடுக்கி ஊதாவாக்கிவிடக்கூடியவை. அவருடைய கட்டுரையில், இயல்பான செல்களுக்கு இந்தச் சாறு தீங்கு செய்யாது என்று காட்ட மிக அதிகச் செறிவில் ஒரு சோதனை இருந்தது. அளவு அவ்வளவு கூடியும் ஊதா குறையவே இல்லை. "செல் போடாமல், ஊடகமும் சாறும் எம்டிடியும் மட்டும் வைத்த குழி ஒன்று சோதனைத் தட்டில் இருந்ததா?" என்று கேட்டேன்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அவர் கட்டுரையைப் புரட்டவில்லை, அதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். "சோதனை வெளி ஆய்வகத்தில் நடந்தது மேடம். அவர்கள் வைத்தார்களா என்று நான் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை இதுவரை என்னிடமும் யாரும் கேட்டதில்லை" என்றார். இதழின் மதிப்பீட்டாளர்கள் கேட்கவில்லை. அவருடைய வழிகாட்டி கேட்கவில்லை. அதை மேற்கோள் காட்டியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டுரையின் சுருக்கத்திலிருந்து, 'இச்செடிக்குப் புற்றெதிர்ப்புப் பண்பு உண்டு' என்ற ஒரு வரியை எடுத்துத் தங்கள் முன்னுரையில் வைத்துக்கொண்டவர்கள். மேற்கோள் என்றால் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டதற்கான கையெழுத்து என்றுதான் தேர்வுக் குழுக்கள் நினைக்கின்றன. இங்கே அத்தனை கையெழுத்தும் திறக்காத கவரின் மேல் போட்டவை.

குழு அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. என் மாற்றுக் கருத்தைக் குறிப்பில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். தரவரிசைக்கு ஆவணம் அனுப்பும்போது வெளியீடுகளும் மேற்கோள்களும் கணக்கில் வருகின்றன, கல்லூரிக்கு அதன் கவலை இருக்கிறது என்று முதல்வர் பிறகு தனியாகச் சொன்னார். எனக்கும் அது தெரியாததல்ல. அந்தப் பெண் இப்போது ஒசூரில் ஒரு மருந்து நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார்.

சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். புற்றுநோய் ஆய்வின் முக்கியக் கட்டுரைகளை மீண்டும் செய்து பார்க்கும் பெருந்திட்டம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைச் செய்யத் திட்டமிட்டு, 23 கட்டுரைகளின் 50 சோதனைகளை மட்டுமே முடிக்க முடிந்தது. முடிவுகள் 2021இல் வந்தன. பலவற்றில் விளைவு முதலில் சொன்னதைவிட மிகச் சிறியதாகத்தான் இருந்தது. அதில் நம் துறைக் கட்டுரை ஒன்றும் உண்டு: ரத்தப் புற்றில் ஐடிஹெச் நொதி மரபுத்திரிபடைந்து 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருளைச் செய்கிறது என்ற கண்டுபிடிப்பு. அது மறுசோதனையில் நின்றது. அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் 2017இலும் 2018இலும் அமெரிக்காவில் ஒப்புதலும் பெற்றன. ஆக, நிற்கிறவை நிற்கத்தான் செய்கின்றன. யாராவது தள்ளிப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவே.

புதியவர் ஜூனில் சேர்ந்தார். நன்றாகப் பாடம் நடத்துகிறார், பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருக்கிறது. சேர்ந்த சில வாரங்களில் ஒரு சனிக்கிழமை ஆய்வகச் சாவி கேட்டார். செல் இல்லாத சோதனைக்கு இன்குபேட்டர் விவகாரமெல்லாம் வேண்டியதில்லை. ஊடகம், சாறு, எம்டிடி, ஊதாவைக் கரைக்க டிஎம்எஸ்ஓ, தட்டின் நிறத்தை அளக்கும் எலைசா ரீடர் போதும், எல்லாம் எங்களிடமே இருந்தன. தன் பழைய சாறுகளில் மீதமிருந்ததையும், புதிதாக ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்து காய்ச்சியதையும் வைத்துச் செய்திருக்கிறார். மதியம் என்னைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். அதிகச் செறிவு வைத்த வரிசை முழுக்க ஊதா. அதில் ஒரு செல்லும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த ஊதாவைக் கழித்துப் பார்த்தால் புற்றுச் செல்களை அவருடைய சாறு கட்டுரையில் சொன்னதைவிட அதிகமாகவே கொன்றிருக்கலாம். இயல்பான செல்களுக்குத் தீங்கில்லை என்ற பகுதிதான் ஆட்டம் காண்கிறது. தலைப்பிலும் சுருக்கத்திலும் இருப்பது அந்தப் பகுதி. இணை ஆசிரியர்களுக்கு எழுதினார். ஒருவர் பதில் போடவில்லை. இன்னொருவர், தன் பதவி உயர்வு முடியும்வரை பொறுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

திருத்தக் குறிப்பு வெளிவந்தால் அந்தக் கட்டுரையின் மேற்கோள்கள் போய்விடுமா என்று என்னிடம் கேட்டார். போகாது என்றேன், முழுவதுமாகத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளையே ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவருக்கு அது ஆறுதலா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குறிப்பின் வரைவு இப்போது என்னிடம் இருக்கிறது, இரண்டு பத்தி. இரண்டாவது பத்தியில் 'ஒரு சிறு விடுபடல்' என்று எழுதியிருந்தார். 'சிறு' என்பதை மட்டும் அடித்திருக்கிறேன். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.